மூன்றாவது அலமாரியின் நாற்றம்

அத்தியாயம் 5

"ஐயா, இந்த ரூம்ல யாராவது செத்துட்டாங்களா? இல்ல, குளிக்காம உயிரோட இருக்காங்களா?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டவன் குண்டூசி. துப்பறியும் அம்மையாரின் உதவியாளன். நாற்பது வயது இருக்கும். உடம்பு பட்டப்பெயருக்குப் பொருத்தம். வாய் அதைவிடக் கூர்மை. எங்கள் வீட்டு நூலகத்தில் நின்றுகொண்டு ஒருவன் இப்படிப் பேசுவான் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை வாசலோடு அனுப்பியிருப்பேன். இன்று வாய் திறக்கவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். அதற்கு அடியில் எண்ணெய்க் கசடு. அதற்கும் அடியில் கரப்பான்பூச்சிக்கே உரிய, லேசாக இனிக்கிற ஒரு வீச்சம். எங்கள் வீட்டில் நாற்றம் என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அப்பா சேர்த்த நூலகம் இது. கண்ணாடிக் கதவு போட்ட மூன்று அலமாரிகள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் காக்கித்தாளில் அட்டை போட்டு, முதுகில் ஊதா மையால் தலைப்பு எழுதுவார். அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு வாசகசாலைச் செயலாளர் வந்து நூலகம் முழுவதையும் நன்கொடையாக எடுத்துப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரு கூடத்துக்கு அப்பா பெயர். பலகைகூட எழுதிவிட்டார்கள்.

முந்தாநாள் பட்டியல் போடுவதற்காக மூன்றாவது அலமாரியைத் திறந்தேன். தட்டுகளில் சாம்பல் நிறப் பூஞ்சை. வெள்ளி நிறத்தில் நெளிகிற பூச்சிகள். 'கடல் வாணிபம் - இரண்டாம் பாகம்' என்று முதுகில் எழுதியிருந்ததை உருவிப் பிரித்தேன். உள்ளே ஒரு விதைக் கம்பெனியின் பழைய கேட்லாக். கத்தரிக்காய்ப் படத்தின் மேல் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்ததைப் பிரித்தேன். ரயில் கால அட்டவணை. அதற்கடுத்தது பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ். நாற்பது பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நல்ல புத்தகங்களை எடுத்துவிட்டு, அட்டைக்குள் யாரோ குப்பையைத் திணித்திருக்கிறார்கள்.

அலமாரிச் சாவி ஒன்பது வருஷமாக என் மருமகளிடம்தான் இருக்கிறது.

ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதியவன் என் தம்பி. இன்று காலை மருமகளின் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "உங்க பொண்ணு கை நீளம். வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியும் விட்டான். சம்பந்தி சாயங்கால பஸ்ஸில் வருகிறார். மகன் கப்பலில் வேலை. அவனுக்கு இன்னும் தெரியாது. தம்பி ஃபோன் பேசியபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். தடுக்கவில்லை. ஆனாலும் ஒருத்தியைத் திருடி என்று அனுப்புவதற்கு முன் எனக்கு நிச்சயம் வேண்டும். போலீஸ் ஜீப் எங்கள் வாசலில் நின்றதில்லை, நிற்கவும் விடமாட்டேன். அதனால் இந்த அம்மையார்.

தீ விபத்து இன்ஷ்யூரன்ஸில் இருபது வருஷம் சேதம் பார்த்தவர். சாம்பலைப் பார்த்தே எரிந்தது பட்டுத்துணியா, பழைய சாக்கா என்று சொல்லிவிடுவாராம். வந்ததிலிருந்து அவர் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"இது என்ன ஐயா?" கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"அப்பாவோட விதிமுறை. சனிக்கிழமைதோறும் துடைக்கணும். ரெண்டு ரெண்டு புத்தகமா எடுக்கணும். இறுக்கி மூடிப் பிடிச்சு, மேல் விளிம்பை மெல்லிய பிரஷ்ஷால தட்டணும். புத்தகத்துக்குப் பின்னாடி காத்துப் போக ஒரு விரல் இடம் விடணும்."

குண்டூசி குனிந்து வாசித்தான். "'துடைப்பவர் எக்காரணம் கொண்டும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது.' ஏன் ஐயா, உள்ள இருக்கறவங்க துணி மாத்திட்டு இருப்பாங்களா?"

"முதுகு விட்டுப்போகும். அதான் காரணம்" என்றேன்.

"யாருக்கு?"

"குண்டூசி" என்றார் அம்மையார். அவன் அடங்கினான். எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் கேள்வி.

அவர் ஒரு புத்தகத்தை இரண்டு விரலால் உருவினார். அட்டையின் அடிப்பக்கம் தட்டோடு ஒட்டிக்கொண்டு, புண்ணில் காய்ந்த கட்டுத்துணி பிய்வது போலப் பிய்ந்து வந்தது. பின்பக்கம் முழுக்கக் கடுகு சிதறியது போலக் கரப்பான் எச்சம். இடுக்கிலிருந்து ஒரு வெள்ளிப்பூச்சி நழுவி என் செருப்பருகே விழுந்து ஓடியது.

"ஒன்பது வருஷமா இந்த அலமாரி இப்படியா இருந்துச்சு?"

"இல்ல. போன மாசம்வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"போன மாசம் என்ன ஆச்சு?"

"மருமகளோட தங்கைக்குப் பிரசவம். சாவியை என்கிட்ட கொடுத்துட்டு மூணு வாரம் அங்க போயிருந்தா. திரும்பி வந்து நாலு நாள்தான் ஆகுது."

"அந்த மூணு வாரம் யார் துடைச்சாங்க?"

"நான்தான்" என்றேன் நிமிர்ந்து.

"எப்படி?"

"முறையா. அவ வெறும் காஞ்ச துணியால தடவிட்டுப் போவா. அதெல்லாம் ஒரு சுத்தமா? நான் வாளியில தண்ணி வெச்சு, கொஞ்சம் ஃபினாயில் விட்டு, ஒவ்வொரு அட்டையையும் நல்லா ஈரத்துணியால துடைச்சு, தட்டையும் கழுவி, உடனே அடுக்கிக் கதவைப் பூட்டினேன். தூசி போகக் கூடாதில்லையா."

குண்டூசி மெதுவாகக் கேட்டான்: "தலை துவட்டி விட்டீங்களா ஐயா?"

அம்மையார் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "மூணு வாரமும் இப்படித்தானா?"

"மூணு சனிக்கிழமையும்."

"அப்ப பூஞ்சைக்கும் நாத்தத்துக்கும் காரணம் தெரிஞ்சுபோச்சு. அடைச்ச அலமாரி, நனைஞ்ச தாள், ஒட்டுன பசை. இது எல்லாத்தையும் கூட்டிப் பூச்சிக்கு விருந்து வெச்சது நீங்க. அந்தப் பொண்ணு காஞ்ச துணியால துடைச்சது சோம்பல் இல்ல ஐயா. அதுதான் முறை."

எழுபத்திரண்டு வயதில் என்னை நேருக்கு நேர் இப்படிச் சொன்னவர்கள் குறைவு.

"சரி, பூஞ்சை அண்ணாவால வந்தது" என்று குறுக்கிட்டான் தம்பி. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தான். "புத்தகம் மாறினது? கத்தரிக்கா கேட்லாக் ஈரத்துல முளைச்சு வந்துச்சா?"

அம்மையார் அவனைக் கவனிக்காமல், நாலைந்து புத்தகங்களைக் குலுக்கினார். ஒவ்வொன்றிலிருந்தும் சின்னத் துணிப்பொட்டலம் ஒன்று விழுந்தது. தபால்தலை அளவு. நான்கு பக்கமும் நெருக்கமான தையல். முகர்ந்து பார்த்தார்.

"அந்துருண்டைத் தூள். தட்டையா தைச்சு, தாள்ல படாம ரெட்டைத் துணி போட்டிருக்கு. எல்லாப் புத்தகத்துலயும் நடுவுல ஒண்ணு. யாரோட கைவேலை?"

தையல்காரர் மகள் என் மருமகள். அந்தத் தையலை என் சட்டைக் காஜாக்களில் தினமும் பார்க்கிறேன்.

"பாத்தீங்களா!" தம்பி கைக்குட்டையை எடுத்துவிட்டுத் துள்ளினான். "உள்ள வெச்சிருக்கான்னா திறந்திருக்கா. திறக்கக் கூடாதுன்னு அப்பா எழுதி ஒட்டியிருக்கார். ஒவ்வொண்ணா திறந்து, நல்லதை உருவி, குப்பையைப் போட்டு, பூச்சி வந்து காட்டிக்கொடுக்காம இருக்க மருந்தும் வெச்சிருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தம்பி பேசினால் பெரும்பாலும் அர்த்தம் இருக்காது. இன்று இருந்தது.

"அவங்களைக் கூப்பிடுங்க" என்றார் அம்மையார்.

மருமகள் வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அழுது முடித்த முகம். தலை மட்டும் குனியவில்லை.

"இந்தப் பொட்டலம் நீங்க தைச்சதா?"

"ஆமா மேடம்."

"அப்ப புத்தகத்தைத் திறந்திருக்கீங்க."

"ஆமா."

"எத்தனை?"

"எல்லாத்தையும். இருநூத்திப் பன்னெண்டு."

"எப்ப மொதல்ல திறந்தீங்க?"

"கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசம்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"எனக்கு ஞாபகம் இல்ல மாமா."

"இருநூத்திப் பன்னெண்டுங்கற கணக்கு ஞாபகம் இருக்கு. உள்ள இருந்தது ஞாபகம் இல்லையாம்!" தம்பி சிரித்தான். அசிங்கமான சிரிப்பு.

அம்மையார் சிரிக்கவில்லை. ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். முதுகில் அப்பாவின் உருண்டை எழுத்து: 'நட்சத்திரங்களும் கிரகங்களும்.' பிரித்தார். டெலிபோன் டைரக்டரி. பக்கங்களின் ஓரம் பூச்சி தின்று சல்லடையாகியிருந்தது.

"முப்பத்தொரு வருஷம் முந்தினது. அப்ப உங்களுக்கு என்ன வயசும்மா?"

"நாலு."

"நாலு வயசுல திருட ஆரம்பிச்சிருந்தா, இந்நேரம் மந்திரியாகியிருப்பாங்க" என்றான் குண்டூசி.

"பழைய பேப்பர் கடையில எந்த வருஷத்து டைரக்டரியும் கிடைக்கும்" என்றான் தம்பி விடாமல். "பழசா பாத்து வாங்கினா சந்தேகம் வராதுல்ல?"

"நல்ல கேள்வி" என்றார் அம்மையார். தம்பிக்கு முதுகு நிமிர்ந்தது. "ஐயா, உங்கப்பா அட்டை போடறதைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. இந்த அலமாரிக்கு அட்டை போடும்போது அறைக்கதவைத் தாழ் போட்டுக்குவார். கவனம் சிதறக் கூடாதுன்னு."

"தலைப்பை எப்ப எழுதுவார்? அட்டை போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"போட்ட பிறகுதான். புத்தகத்தைத் தொடையில வெச்சுக்கிட்டு, முதுகு மேல எழுதுவார். முதல் ரெண்டு அலமாரிக்கு அப்படி எழுதறதைப் பாத்திருக்கேன்."

அம்மையார் காக்கி அட்டையை உரிக்கத் தொடங்கினார். ஈரத்தில் ஊறிய தாள் பழுத்த இலை போல வழுவழுவென்று வந்தது. உள்மடிப்பில் வரிசையாகப் பூச்சி முட்டைகள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்புங்க ஐயா. காசு கொடுத்துக் கூப்பிட்டுட்டுப் பாக்காம இருந்தா எப்படி?" குண்டூசியின் குரலில் இந்த முறை கேலி குறைவாக இருந்தது.

"மொத விஷயம். ஒரு புத்தகத்தோட அட்டையைக் கழட்டி வேற புத்தகத்துக்குப் போட்டா, பழைய மடிப்பும் புது மடிப்புமா ரெண்டு கோடு விழும். இங்க ஒரே மடிப்பு. இந்தத் தாள் இந்த டைரக்டரிக்குன்னே வெட்டினது."

"அவளே புதுசா தாள் வெட்டியிருப்பா" என்றான் தம்பி. குரலில் பாதி போய்விட்டது.

"எழுத்து உங்கப்பாவோடது. அதுல சந்தேகம் இருக்கா?"

சந்தேகம் இல்லை. அந்த 'ந'வின் வாலை உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சுழிக்க மாட்டார்கள்.

"இப்ப ரெண்டாவது விஷயம்."

உரித்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, டைரக்டரியின் வெறும் முதுகை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மஞ்சளடித்த வெள்ளை முதுகு. அதன்மேல் மங்கலாக, இடைவிட்டு இடைவிட்டு, ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

'நட்ச...ங்களும் கிரக...'

பேனா மை காக்கித்தாளில் ஊறி, அடியில் இருந்த முதுகில் இறங்கியிருந்தது.

"நீங்க துடைச்ச தண்ணியில கரைஞ்சிருக்குமோன்னு கேப்பீங்க" என்றார் அம்மையார். "அப்படிக் கரைஞ்சிருந்தா மை பரவித் திட்டுத் திட்டா இருக்கும். இது பேனா அழுத்தின இடத்துல மட்டும், முள் முனை பதிஞ்ச பள்ளத்தோட இருக்கு. விரலால தடவிப் பாருங்க."

தடவினேன். 'ந'வின் வால் விரலில் தட்டுப்பட்டது.

"எழுதினப்ப உள்ள இருந்தது இந்த டைரக்டரிதான். இன்னும் ஆறு பிரிச்சுப் பாத்துட்டேன், நீங்க உங்க மருமகளைக் கூப்பிடப் போன நேரத்துல. ஆறுலயும் இதே கதை. இந்த அலமாரியில இருந்து யாரும் எதையும் திருடல ஐயா. இதுல புத்தகமே இருந்ததில்ல."

சுவரில் அப்பாவின் படம் இருந்தது. கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு தடித்த புத்தகம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"குற்றவாளியைத் தேடி அலைய வேணாம் மேடம்" என்றான் குண்டூசி, படத்தைப் பார்த்து. "ஏற்கெனவே சட்டத்துக்குள்ளதான் இருக்கார்."

இந்த முறை அம்மையார் அவனை அடக்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் அழைத்துப் போவது இந்த அறைக்குத்தான். முதல் இரண்டு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார். மூன்றாவதைத் தூரத்திலிருந்து விரல் நீட்டிக் காட்டுவார். "அதெல்லாம் அபூர்வம். கை படக் கூடாது." அவர் போன பிறகு அதே விரலை நான் நீட்டினேன். ஒரு நாளும் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. தம்பியும் திறந்ததில்லை. படித்த குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வீட்டில், இருநூற்றுப் பன்னிரண்டு குப்பைக் கட்டுகளைத் திறந்து பார்த்தவள் ஒருத்திதான்.

"உனக்கு ஒன்பது வருஷமா தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா."

"ஏன் சொல்லல?"

"ரெண்டாவது மாசம் சொல்ல வந்தேன். அன்னிக்கு யாரோ விருந்தாளி வந்திருந்தாங்க. நீங்க இந்த அலமாரியைக் காட்டிப் பேசிட்டு இருந்தீங்க. உங்க முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் வாயே வரல. பூச்சி வந்தா எல்லாரும் திறந்து பாப்பாங்கன்னுதான் மருந்து தைச்சு வெச்சேன்."

"ரெண்டு நாளா உன்னைத் திருடின்னு பேசறோம். அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மாமா?"

நம்பியிருக்க மாட்டேன்.

மருமகளை வெளியிலேயே விட்டு, தம்பி அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணா, இப்ப ஒண்ணும் குடிமுழுகிப் போகல. பூச்சி அரிச்சுடுச்சுன்னு மூணாவது அலமாரி மொத்தத்தையும் பின்னாடி போட்டுக் கொளுத்திடலாம். செயலாளர் ரெண்டு அலமாரியை எடுத்துட்டுப் போகட்டும். அப்பா பேரு நிக்கும். இவ கொஞ்ச நாள் அவங்க வீட்ல இருந்துட்டு வரட்டும். சம்பந்திகிட்ட, ஏதோ கவனக்குறைவு, மன்னிச்சுட்டோம்னு சொல்லிக்கலாம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மூச்சு நேரம் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த மூச்சில், அலமாரியிலிருந்து வந்த நாற்றம் என் சட்டையிலிருந்தே வருவது போல் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

நானே போய்த் திறந்தேன். சம்பந்தி. பஸ் தூசி படிந்த சட்டை, கழுத்திலிருந்து எடுக்க மறந்த அளவு நாடா, கையில் காலிப் பை. மகளின் துணிகளை எடுத்துப்போகக் கொண்டுவந்த பை என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் என்னை வணங்கினார்.

"சம்பந்தி, அவ சின்ன வயசுலேருந்து ஒரு ஊசியைக்கூட... நான் என்ன சொல்றதுன்னு தெரியல. என்ன நஷ்டமோ சொல்லுங்க, நான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சம்பந்தி."

பின்னால் தம்பி, "அண்ணா!" என்று பல்லைக் கடித்தான். திரும்பவில்லை.

"உங்க பொண்ணு எதையும் எடுக்கல. ஏமாத்தினது எங்கப்பா. அந்த அலமாரியில இருந்தது பூரா குப்பை. புத்தகம்னு அட்டை போட்டு வெச்சு, ஊரையும் எங்களையும் ஏமாத்தியிருக்கார். அது தெரிஞ்சும் எங்க மானத்தைக் காப்பாத்த உங்க பொண்ணு ஒன்பது வருஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கா. அவளைத்தான் நாங்க திருடின்னு சொன்னோம். தம்பி ஃபோன்ல சொன்னான், நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

சம்பந்தி எதையும் விளங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. முதல் வார்த்தைகள் மட்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"நீ யார் யாருக்கு ஃபோன் பண்ணின?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பெரியப்பா வீடு. அத்தை. ரெண்டு சித்தப்பா பசங்க..."

"இப்பவே எல்லாருக்கும் திரும்பப் போடு. மொதல்ல வாசகசாலைக்குப் போடு. ரெண்டு அலமாரிதான் இருக்கு, விருப்பம் இருந்தா எடுத்துக்கட்டும், பலகையில இருக்கற பேரை அழிச்சுடுங்கன்னு நான் சொன்னதா சொல்லு."

"காரணம் கேட்டா?"

"யார் கேட்டாலும் அப்பா பேரைச் சொல்லு."

தம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அம்மையார் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். குண்டூசி ஒரு நிமிஷம் நின்று, முதல் தடவையாக எனக்கு வணக்கம் சொன்னான்.

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். சேலை மாற்றியிருந்தாள். தன் அப்பாவின் அக்குளிலிருந்த பையை உருவிக்கொண்டாள். அதில் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த நாலு துணிகளைப் போட்டாள்.

"நான் போயிட்டு வரேன் மாமா."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. எதுக்கும்மா?"

"சும்மாதான். ஒரு மாசம்."

"ஒரு மாசமா?"

"ஒன்பது வருஷத்துக்கு அது கொஞ்சம்தான் மாமா."

இந்த வீட்டில் எந்த மருமகளும் பெரியவர்களிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் செருப்பை மாட்டினாள். அவளுடைய அப்பாவின் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி அவர் சட்டைப் பையில் வைத்தாள். இருவரும் படி இறங்கினார்கள்.

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மாடியில் தம்பி யாரிடமோ, "இல்ல அத்தை, அவ இல்ல... அப்பா... ஆமா, எங்கப்பாதான்" என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.